புளோரன்ஸ் நைற்றிங்கேல்: விளக்கும் கணக்கும்

மே மாதம் 12ஆம் திகதி வந்தால் எங்கள் வைத்தியசாலைகளில் விளக்கேற்றுவார்கள். வெள்ளைச் சீருடையில் தாதியர்கள் வரிசையாக நிற்பார்கள். சிறந்த சேவைக்கான சான்றிதழ்களும் நினைவுச் சின்னங்களும் வழங்கப்படும். மேடையில் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் படம் இருக்கும், கையில் விளக்கோடு. அவர் பிறந்த நாள் என்பதால்தான் 1974ஆம் ஆண்டு சர்வதேச தாதியர் பேரவை இந்த நாளைத் தாதியர் தினமாகத் தெரிவு செய்தது.

அந்தப் படத்துக்கு மாலை போடுகிற எங்களில் பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது விளக்கு மட்டும்தான். யுத்தத்தில் காயப்பட்ட ஒரு சமூகம் அவருடைய வாழ்க்கையை முழுதாக வாசிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவரை உருவாக்கியதும் ஒரு யுத்தம்தான். தாதியருக்கு விருது கொடுக்கும்போது நாங்கள் எதைக் கௌரவிக்கிறோம் என்ற கேள்விக்கும் அந்த வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

1820ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். குடும்பம் பெரும் வசதி படைத்தது. இங்கிலாந்தில் இரண்டு மாளிகைகள் இருந்தன. தகப்பனே மகள்களுக்குக் கிரேக்கம், இலத்தீன், வரலாறு எல்லாம் படிப்பித்தார். புளோரன்சுக்குக் கணிதத்தில்தான் தீராத ஆசை. பதினாறு வயதில், கடவுள் தன்னைச் சேவைக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். அது என்ன சேவை என்பது தெளிவாக இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

தாதியாகப் போகிறேன் என்று அவர் சொன்னபோது வீடு கொந்தளித்தது. அக்காலத்து இங்கிலாந்தில் தாதி வேலை மானமுள்ள குடும்பத்துப் பெண் செய்யும் வேலையாகக் கருதப்படவில்லை. படிப்பில்லாதவர்களும் வேறு பிழைப்பில்லாதவர்களும் செய்கிற வேலை என்று ஒதுக்கினார்கள். எங்கள் ஊர்களிலும் அடுத்தவர் மலசலம் அள்ளுகிற வேலைக்கா பிள்ளையைப் படிப்பித்தோம் என்று கேட்ட வீடுகள் இருந்தன. புளோரன்ஸ் பல ஆண்டுகள் காத்திருந்தார். தேடி வந்த திருமணத்தை மறுத்தார். விடியமுன் எழும்பி வைத்தியசாலை அறிக்கைகளை வாசித்துக் குறிப்பெடுத்தார். 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் மூன்று மாதப் பயிற்சி பெற்றபோது அவருக்கு வயது 31. 1853இல் லண்டனில் நோயுற்ற பெண்களுக்கான சிறிய வைத்தியசாலை ஒன்றின் மேற்பார்வையாளரானார்.

அடுத்த ஆண்டு கிரிமியா யுத்தம். ரஷ்யாவுக்கு எதிராகப் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியும் போரிட்டன. காயப்பட்ட பிரித்தானியச் சிப்பாய்கள் கருங்கடலைக் கடந்து, இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் இருந்த ஸ்கூட்டாரிக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே அவர்கள் கவனிப்பாரற்றுக் கிடப்பதைப் பத்திரிகைகள் எழுதின. அரசாங்கத்தின் வேண்டுகோளில் 38 பெண்களுடன் நைற்றிங்கேல் லண்டனிலிருந்து புறப்பட்டார். திகதி, 1854 ஒக்டோபர் 21.

நவம்பர் 4ஆம் திகதி அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இராணுவ வைத்தியர்கள் வரவேற்கவில்லை. முதலில் விடுதிகளுக்குள் போகவே விடவில்லை. போரில் காயப்பட்டவர்கள் அலையலையாக வந்து இடமில்லாமல் போன பிறகுதான் கூப்பிட்டார்கள். வைத்தியசாலை என்பது ஒரு பழைய படைமுகாம். அடியில் கழிவுக் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. எலியும் பேனும் பெருகியிருந்தன. சவர்க்காரம், துவாய், மாற்றுடுப்பு எதுவும் போதவில்லை. அவர் சமையலறை அமைத்தார், சலவைக்கு ஆள் பிடித்தார், சிப்பாய்களின் வீடுகளுக்குக் கடிதம் எழுதினார். இரவில் விளக்கோடு கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்தார். அந்தக் காட்சியைத்தான் பத்திரிகைகள் இங்கிலாந்து முழுவதும் கொண்டு சென்றன.

ஆனால் விளக்கு சாவைத் தடுக்கவில்லை. 1855 பெப்ரவரியில் அங்கே இறப்பு வீதம் 100க்கு 42 வரை போனது. பெரும்பாலானவர்கள் காயத்தால் இறக்கவில்லை. வயிற்றோட்டமும் காய்ச்சலும்தான் கொண்டுபோயின. மார்ச் மாதம் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கி, தண்ணீர் வழியைச் சீர்செய்து, காற்றோட்டத்துக்கு வழி விட்டது. சில மாதங்களில் இறப்பு வீதம் மளமளவென்று குறைந்தது.

1856இல் நாடு திரும்பியபோது பெரும் வரவேற்புக் காத்திருந்தது. அவர் ஸ்மித் என்ற பொய்ப் பெயரில் பயணம் செய்து சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். விக்ரோரியா மகாராணி ஏற்கனவே ஒரு பதக்க அணியை அனுப்பியிருந்தார். மக்கள் சேர்த்த நிதி 40,000 பவுண்களைத் தாண்டியிருந்தது. அவருடைய நினைவெல்லாம் ஸ்கூட்டாரியில் புதைக்கப்பட்டவர்களிடம் இருந்தது. அவர்கள் ஏன் இறந்தார்கள்?

இங்கேதான் சின்ன வயதில் படித்த கணிதம் கைகொடுத்தது. புள்ளிவிபரவியலாளர் வில்லியம் பார் உதவியுடன் ஒவ்வொரு மாதச் சாவையும் காரணம் வாரியாகப் பிரித்தார். காயத்தால் எத்தனை, தடுத்திருக்கக்கூடிய நோயால் எத்தனை என்று வட்ட வடிவப் படங்களாக வரைந்தார். எண்களை வாசிக்க மினக்கெடாத அமைச்சர்களும் ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது எண்ணம். எதிரியின் குண்டைவிடச் சொந்த இராணுவத்தின் அழுக்கும் அலட்சியமும் கூடுதலான சிப்பாய்களைக் கொன்றன என்று அந்தப் படங்கள் சொல்லின. தான் வேலை செய்த வைத்தியசாலையையும் அவர் அந்தக் கணக்கிலிருந்து விலக்கவில்லை. 1858இல் லண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

1859இல் தாதியியல் பற்றிய அவருடைய சிறு நூல் வெளிவந்தது. மக்கள் தந்த நிதியில் 1860இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. தாதி வேலை படித்துப் பெறும் தொழிலானது. கிரிமியாவில் தொற்றிய காய்ச்சல் அவரை விடவில்லை. நீண்ட காலம் படுக்கையிலிருந்தே எழுதினார். இந்தியாவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஆனாலும் இந்தியாவின் குடிதண்ணீர், வடிகால், பஞ்சம் பற்றிப் பல ஆண்டுகள் அதிகாரிகளை விடாமல் நெருக்கினார்.

1907இல் பிரித்தானியாவின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஓர்டர் ஒப் மெரிட் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அப்போது அவருக்குப் பார்வை போய்விட்டிருந்தது, ஞாபகமும் மங்கியிருந்தது. 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி 90ஆவது வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய வந்த அழைப்பை உறவினர்கள் மறுத்தார்கள். ஹாம்ப்ஷயர் கிராமமொன்றில் குடும்பக் கல்லறையில், பெயரின் முதலெழுத்துக்களும் பிறந்த, இறந்த திகதிகளும் மட்டும் பொறித்த கல்லின் கீழ் இருக்கிறார்.

அவருடைய பெயரில் செஞ்சிலுவை இயக்கம் வழங்கும் பதக்கம் 1912இல் உருவாக்கப்பட்டு 1920இல் முதன்முறையாக வழங்கப்பட்டது. தாதியருக்கான உலகின் மிக உயர்ந்த கௌரவங்களில் அது ஒன்று. யுத்தத்திலும் பேரழிவிலும் காயப்பட்டவர்களுக்குத் துணிவோடு பணியாற்றியவர்களுக்கு அது உரியது. கடமையில் இருக்கும்போது இறந்தவர்களுக்கும் கொடுக்கலாம். இந்தியாவும் 1973 முதல் அவர் பெயரில் தேசிய விருது வழங்குகிறது. ஆனால் விருதின் வெளிச்சம் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. அதே கிரிமியாவில் சிப்பாய்களைப் பராமரித்த ஜமேக்காவின் கறுப்பினப் பெண் மேரி சீகோலுக்கு லண்டனில் சிலை வைக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நெடுந்தீவுக்குப் போகும்போதெல்லாம் இந்த வெளிச்சத்தைப் பற்றித்தான் நான் யோசிப்பேன். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணிநேரப் படகுப் பயணம். பவளக்கல் வேலிகள், பெருக்கு மரம், குதிரைகள் என்று பார்க்க வருகிறவர்கள் பின்னேரப் படகில் திரும்பிவிடுவார்கள். தாதி திரும்புவதில்லை. இரவில் ஒரு கர்ப்பிணிக்கு வலி கண்டாலோ, ஒருவரைப் பாம்பு கடித்தாலோ, யாழ்ப்பாணம் கொண்டுபோகலாமா என்பதைக் காற்றும் கடலும் தீர்மானிக்கும். அதுவரை நோயாளியின் கட்டிலருகே நிற்பது அவர்தான்.

1985 மே 15ஆம் திகதி, தாதியர் தினம் முடிந்து மூன்றாம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பிள்ளைகள் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தப்பிய காயக்காரர்களைத் தாங்கியவை எங்கள் வைத்தியசாலைகள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1987 ஒக்டோபர் 21, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப் படை நுழைந்து சுட்டது. நோயாளிகளோடு வைத்தியர்களும் தாதியர்களும் கடமையிலேயே கொல்லப்பட்டார்கள். 133 ஆண்டுகளுக்கு முன் நைற்றிங்கேல் லண்டனிலிருந்து புறப்பட்ட அதே திகதி. 2009இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மருந்து தீர்ந்த பிறகும் காயங்களைக் கட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களில் சம்பளமில்லாத் தொண்டர்களும் உண்டு.

சான்றிதழ் கொடுப்பது நல்லது. கஷ்டப் பிரதேசத்தில் வேலை செய்கிற ஒரு தாதிக்கு அது மரியாதை. நைற்றிங்கேல் பெயரால் கொடுக்கிறபோது, அவர் செய்த வேலையில் ஒரு பங்கையாவது நாங்களும் செய்ய வேண்டும். நெடுந்தீவு முதல் முல்லைத்தீவு வரை ஒவ்வொரு வைத்தியசாலையும் யுத்த காலத்தில் அங்கே பணியாற்றிய தாதியர், மருத்துவிச்சிகள், தொண்டர்களின் பெயர்களை எழுதி வைக்கலாம். யார் எந்த ஆண்டில் எந்த விடுதியில் இருந்தார், யார் கடமையில் இறந்தார், என்ன இல்லாமல் என்ன செய்தார்கள் என்று பதியலாம். அவர்களோடு வேலை செய்தவர்கள் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். சிலர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயது போகிறது. அடுத்த மே 12க்கு முன்னர் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போய் இருந்து கேட்கலாம்.