அறிஞர் ஹால்டேன்

உடலில் படும் சிறு அடியும் சிலருடைய உயிருக்கு ஊறாய் முடிவதுண்டு. குருதி எளிதில் உறையாமையே அதற்குக் காரணம். இந்நோய் பெரும்பாலும் ஆண்மக்களையே பற்றுவது. ஆயினும், தாய்வழியே வருவது. நோயற்ற தாய்க்கு நோயுற்ற மகன் பிறப்பது எங்ஙனம்? இதனைக் கணக்கின் துணைகொண்டு ஆராய்ந்த பேரறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் ஆவார்.

இவர் 1892ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டு நகரில் தோன்றினார். இவருடைய தந்தையார் மூச்சியக்கத்தை ஆராய்ந்த உடலியல் வல்லுநர். சிறுவராயிருந்தபோதே ஹால்டேன் தந்தையாரின் ஆய்வுகளுக்குத் துணைநின்றார். பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றவை கணிதமும் பண்டை இலக்கியமுமே. அறிவியற் பட்டம் பெறாத அவர், 1933இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மரபியற் பேராசிரியரானார்.

மாணவர்களே, பெண்ணின் உயிரணுவில் எக்ஸ் என்னும் குரோமோசோம்கள் இரண்டு உண்டு. ஆணுக்கோ எக்ஸ் ஒன்றும் ஒய் ஒன்றுமே உண்டு. இந்நோய்க்குக் காரணமான மரபுக்கூறு எக்ஸில் உள்ளது. பெண்ணின் ஓர் எக்ஸ் பழுதுற்றாலும் மற்றொன்று பெரும்பாலும் அவளைக் காக்கும். ஆணுக்கு அக்காவல் இல்லை. தந்தை மகனுக்கு ஒய்யையே தருதலின், அவரது நோய் மகனுக்குச் செல்லாது. ஆனால், பழுதுற்ற எக்ஸ் மகளிர் அனைவர்க்கும் செல்லும். அம்மகளிர் ஈனும் ஆண்மக்கள் ஒவ்வொருவர்க்கும் நோய் வரும் வாய்ப்புச் செம்பாதியாம்.

ஹால்டேனுக்கு ஓர் ஐயம் எழுந்தது. அக்காலத்தில் நோயுற்றோர் பலர் மக்களைப் பெறாமல் இளமையிலேயே மாண்டனர். அங்ஙனமாயின், இந்நோய் என்றோ அற்றுப்போயிருத்தல் வேண்டுமன்றோ? பழுது புதிதாகவும் தோன்றிக்கொண்டிருப்பதே அது அற்றுப்போகாமைக்குக் காரணம் என அவர் தெளிந்தார். தலைமுறைதோறும் ஏறத்தாழ 50,000 எக்ஸ்களுள் ஒன்றில் அப்பழுது தோன்றுகிறது என 1935இல் கணித்தார். நிறக்குருட்டிற்குரிய கூறும் அதே எக்ஸில் இதனுடன் இணைந்து செல்வதை, 1937இல் ஜூலியா பெல் அம்மையாரோடு கூடி ஆராய்ந்து வெளியிட்டார்.

1957இல் அவர் தாயகம் நீங்கிக் கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்தார், நம் நாட்டு உடையணிந்தார், புலால் நீத்தார், இந்தியக் குடிமகனும் ஆனார். பின்னர்ப் புவனேசுவரத்தில் ஆராய்ச்சி நடத்தி, 1964 டிசம்பர் 1இல் இயற்கை எய்தினார். அவர் விருப்பப்படி அவருடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர் கற்றற்பொருட்டு அளிக்கப்பெற்றது.

மரபுக்கூற்றின் பழுது எவரும் செய்த குற்றமன்று. நோயுற்ற மகனைப் பெற்ற தாயைப் பழிப்பது அறியாமை. அவ்வறியாமை இருளைப் போக்கிய சான்றோருள் ஒருவராக ஹால்டேனை நாம் என்றும் நினைதல் தகும்.