கிணற்றில் கிடந்த ஜாடி

புதுவைச் சாலை வழியே கடலூருக்குள் நுழையும்போது நினைத்துப் பாருங்கள். 1918 நவம்பர் 20ஆம் நாள் இந்தப் பக்கத்தில்தான் பாரதியைப் பிடித்தார்கள். உலகப் போர் நவம்பர் 11லேயே ஓய்ந்துவிட்டது. பீரங்கி உறங்கிவிட்டது, போர்க்காலச் சட்டமோ உறங்கவில்லை! பாட்டும் ஏடும் எழுதிய மனிதரைக் கடலூர்ச் சிறையில் பூட்டினார்கள். காரணம்? நாட்டின் பாதுகாப்பாம்!

பத்தாண்டு வேட்டை அது. 1908இல் சென்னையில் ‘இந்தியா’ வார ஏட்டின் மீது அரசு பாய்ந்தது. எழுதியவர் பாரதி, ஆசிரியரென்று பதிவாகியிருந்த சீனிவாசனுக்கு ஐந்தாண்டுத் தண்டனை. பாரதி பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவைக்குச் சென்றார், ஏடும் பின்தொடர்ந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். 1910இல் ஏடு மடிந்தது.

1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். பிறகு புதுவைத் தெருவெல்லாம் ஒற்றர்கள்! வாசலில் கண், அஞ்சல் உறையில் கை. ஒருநாள் வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது ஒரு ஜாடி வந்தது. உள்ளே காளி படமும் இராஜத் துரோகத் துண்டுத்தாள்களும். யாரோ போட்டுவைத்த பொறி! பாரதி சொன்ன யோசனைப்படி, அவர்களே அதைப் பிரெஞ்சுப் போலீசிடம் ஒப்படைத்தார்கள். பிறகு பாரதி வீட்டிலும் சோதனை நடந்தது. குற்றம் சாட்ட ஒன்றும் சிக்கவில்லை.

சற்றே எண்ணுங்கள். அந்த ஜாடியைப் போலீசே முதலில் எடுத்திருந்தால்? மறுநாள் ஏடுகளில் வந்திருப்பது யார் கதை? ஜாடியை வைத்தவன் கதைதானே! போலீஸ் தரும் தாள் செய்தியாகிறது; வேவு பார்க்கப்பட்டவன் பேச்சு வெறும் கடிதமாகிறது. பாரதி ஒற்றர் தொல்லையை ஆங்கிலத்தில் எழுதி ‘இந்து’வுக்கு அனுப்பினார். ஏடு வெளியிட்டது, அந்த அளவுக்குப் பாராட்டலாம். ஆனால் கடிதமாகத்தான்! முதுநகர்த் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தோழர், காலையில் ஏட்டை விரிக்கும்போது இதைக் கேட்க வேண்டும்: எழுதியவர் நேரில் பார்த்தாரா, காவல் நிலையத்தில் கேட்டாரா?

சிறையிலிருந்து, அரசியலை விட்டுவிட்டதாக ஆளுநருக்குப் பாரதி மனு எழுதினார். அதை மறைப்பானேன்? பத்தாண்டு நெருக்கடி எந்த மனிதரைத்தான் வளைக்காது? அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், ‘சுதேசமித்திரன்’ ரங்கசாமி ஐயங்கார் ஆகியோர் முயன்றார்கள். டிசம்பர் 14இல் விடுதலை. அதிலும் விலங்கு! நெல்லைப் பக்கம் அடங்கி இருக்க வேண்டும். எழுத்தைப் போலீஸ் அதிகாரியிடம் காட்ட வேண்டும். 1920இல்தான் மீண்டும் ‘சுதேசமித்திரன்’ மேசைக்கு வர முடிந்தது. 1921 செப்டம்பரில் மறைந்தார்.

அதோடு விட்டார்களா? 1928இல் அவருடைய பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள். ஆள் மறைந்து ஏழாண்டு. பாதுகாப்புக்கு இன்னும் அச்சம்! அந்த முறை சென்னைச் சட்டமன்றத்திலேயே கண்டனக் குரல் எழுந்தது.