டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

கடந்த டிசம்பரில் ஒரு விடியற்காலை, சிம்பாங் பூலாய் சாலையில் அப்பாவின் பிக்கப் வண்டி நின்றுவிட்டது. கேமரன் மலையிலிருந்து ஈப்போ கடைகளுக்குக் கோஸும் தக்காளியும் ஏற்றி வரும் வண்டி அது. அன்றைய காய்கறி வெயிலில் வதங்கியது முதல் நஷ்டம். எரிபொருளில் தண்ணீர் கலந்து இரண்டு இஞ்செக்டர்கள் கெட்டுப்போயின என்று பட்டறையில் சொன்னது அடுத்த நஷ்டம். அந்தச் செலவு பல்கலைக்கழகத்தில் என் ஒரு தவணைக் கட்டணத்தைவிட அதிகம்.

நான் இயந்திரவியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். விடுமுறையில் வீட்டில் இருந்ததால், இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை என்று அறிவித்துவிட்டேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் 11 வேலைகளைப் பட்டியல் போட்டேன். கூடுதல் எரிபொருள் வடிகட்டி, எண்ணெய் ஆவியைப் பிடித்து வைக்கும் கேட்ச் கேன், பெரிய இண்டர்கூலர், சிலிக்கோன் ஹோஸ், இஞ்சினின் கணினியைத் திருத்தி எழுதும் ரீமேப் என்று நீண்டது. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். அன்று வண்டியை நிறுத்திய பிரச்சனைக்கு இதில் எது மருந்து என்று மட்டும் கேட்டார். பதினொன்றில் ஒன்றுதான். மற்ற பத்தும் என் ஆசை.

கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பட்டியலை மூடி வைத்துவிட்டு, அந்த இஞ்சினைக் கண்டுபிடித்தவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இடைநிலைப்பள்ளி வரை டீசல் என்பது ஓர் எண்ணெயின் பெயர் என்றே நினைத்திருந்தேன். உங்களிலும் சிலர் அப்படி நினைத்திருக்கலாம்.

ருடோல்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பா தோல் பொருள்கள் செய்யும் சிறு கைவினைஞர். செய்து முடித்த பொருள்களைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளர்களிடம் சேர்ப்பது சிறுவன் ருடோல்ஃபின் வேலை. 1870இல் பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டபோது, ஜெர்மானியர் என்பதால் அந்தக் குடும்பம் பாரிஸைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. லண்டனுக்குப் போனார்கள். அங்கும் பிழைப்பு சரியில்லை. 12 வயதுப் பையனை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரர் கணித ஆசிரியர். 14 வயதில், தான் பொறியாளராகப் போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினான் ருடோல்ஃப்.

உதவித்தொகை பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கார்ல் ஃபோன் லிண்டே, குளிர்பதனத் துறையின் முன்னோடி. நீராவி இஞ்சின், எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்று லிண்டே வகுப்பில் விளக்கினார். மீதி அத்தனையும் வீண். அந்தப் பாடம் டீசலை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. இன்னொரு கதையும் பரவலாகச் சொல்லப்படுகிறது. நம் வட்டாரத்து மக்கள் நெருப்பு மூட்டப் பயன்படுத்திய ஒரு சிறிய குழாயை லிண்டே வகுப்பில் காட்டினாராம். உள்ளே பஞ்சு வைத்துத் தண்டை வேகமாக அழுத்தினால், நெருக்கப்பட்ட காற்று சூடேறிப் பஞ்சு பற்றிக்கொள்ளும். கதை எவ்வளவு உண்மையோ, அந்தக் கருவி மலாய்த் தீபகற்பத்திலும் புழக்கத்தில் இருந்தது உண்மை. டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லாததற்குக் காரணமும் அதே விதிதான். காற்றை நெருக்கிச் சூடேற்றி அதில் எண்ணெயைத் தெளித்தால் தானாகவே எரியும்.

1879இல் இறுதித் தேர்வு நேரத்தில் டைஃபாய்டு காய்ச்சல் வந்து டீசல் தேர்வைத் தவறவிட்டார். சுவிட்சர்லாந்தில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பழகிவிட்டு, 1880 ஜனவரியில் தேர்வு எழுதி மிக உயர்ந்த தேர்ச்சி பெற்றார். அடுத்த பத்து ஆண்டுகள் பாரிஸில் லிண்டேயின் பனிக்கட்டி இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டார். திருமணம் நடந்தது, மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். ஓய்வு நேரமெல்லாம் சொந்தச் சோதனைகளில் போனது. அம்மோனியா ஆவியில் ஓடும் இஞ்சினை முயன்றபோது அது வெடித்து, நீண்ட நாள் மருத்துவமனையில் கிடந்தார்.

1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893இல் அது கிடைத்தது. அதே ஆண்டு தன் கோட்பாட்டைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அதில் எழுதிய முக்கியமான ஒன்று தவறாக இருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. வெப்பநிலை ஏறாமல் எரிபொருளை எரிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அதற்குத் தேவைப்பட்ட அழுத்தமோ அன்றைய உலோகம் தாங்காதது. புத்தகம் வெளிவந்த ஆண்டே அவருக்கு அது புரிந்துவிட்டது. எரியும் முறையை மாற்றி, அழுத்தத்தைப் பல மடங்கு குறைத்து, திட்டத்தைத் திருத்திக்கொண்டார். பின்னாளில் காப்புரிமை வழக்குகளில் எதிரிகள் இந்தத் திருத்தத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை அவருக்கு இடமும் ஆட்களும் கொடுத்தது. 1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனை. வெளியிலிருந்து பெல்ட் போட்டுச் சுழற்றிய இஞ்சினுக்குள் எரிபொருள் பற்றிக்கொண்டது. அழுத்தம் ஏறக்குறைய 80 பார் வரை எகிற, அதை அளக்கப் பொருத்தியிருந்த கருவி சிதறியது. இஞ்சின் தானாக ஓடவில்லை. ஆனால் எண்ணெய் தானாகப் பற்றும் என்பது நிரூபணமாகிவிட்டது. திரும்பப் போய் வரைபடத்திலிருந்து தொடங்கினார்கள்.

1894 பிப்ரவரி 17 அன்று அந்த இஞ்சின் முதன்முதலாகத் தன் சொந்த பலத்தில் சுழன்றது. நிமிடத்துக்கு 88 சுற்று. அதுவும் ஏறக்குறைய ஒரே நிமிடம். சுழற்றிக்கொண்டிருந்த பெல்ட்டை இப்போது இஞ்சினே இழுப்பதை முதலில் கவனித்த தொழிலாளி, ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றினார் என்று சொல்வார்கள். மெக்கானிக் ஒருவரின் காது, விஞ்ஞானியின் கணக்கைவிட முந்திக்கொண்ட இடம் அது.

அந்த ஒரு நிமிடத்திலிருந்து நம்பி ஓட்டக்கூடிய இஞ்சின் வர இன்னும் மூன்று ஆண்டு பிடித்தது. தெளிப்பானை மாற்றிப் பார்த்தார்கள், எரிபொருளை மாற்றிப் பார்த்தார்கள், எல்லாவற்றையும் குறித்து வைத்தார்கள். 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அளந்தபோது, எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியிருந்தது. நீராவி இஞ்சினைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஒற்றை சிலிண்டர், 19.6 லிட்டர் கொள்ளளவு, ஆள் உயரத்தைத் தாண்டிய இரும்பு. கொடுத்த சக்தியோ 20 குதிரைத்திறனுக்குள். அப்பாவின் பிக்கப்பில் இருப்பது 2.5 லிட்டர் இஞ்சின், 100 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. அந்த 1897 இஞ்சின் மியூனிக் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும்.

படிக்கும்போது இதோடு கதை சுபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். உண்மையில் தொல்லை இதற்குப் பிறகுதான் தொடங்கியது. பல நாட்டு நிறுவனங்கள் உரிமம் வாங்க வரிசையில் நின்றன. அமெரிக்க உரிமையை மதுபான முதலாளி அடால்ஃபஸ் புஷ் வாங்கினார். டீசல் ஒரே ஆண்டில் பணக்காரரானார். ஆனால் சோதனைக்கூடத்தில் நிபுணர்கள் சுற்றி நின்று ஓட்டிய இஞ்சினை, சாதாரணத் தொழிலாளி தினமும் ஓட்ட வேண்டிய இடத்தில் வைத்தபோது நின்று நின்று போனது. முதல் விற்பனைகளில் ஒன்று கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, 1898இல். எரிபொருள் தெளிப்பானும் காற்றழுத்தும் கருவியும் ஓயாமல் தொல்லை கொடுத்தன. டீசலின் பெயரிலேயே ஆக்ஸ்பர்க்கில் தொடங்கிய தொழிற்சாலையின் இஞ்சின்கள் திரும்பி வந்தன. அந்தத் தொழிற்சாலை நிலைக்கவில்லை. தலைவலியும் மனச்சோர்வும் தாக்கி, 1898 இலையுதிர்காலத்தில் டீசல் மருத்துவ ஓய்வகத்தில் சேர்ந்தார்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இஞ்சினை ஓட வைத்தவர் ஒருவர். தினமும் ஓட வைத்தவர்கள் வேறு ஆட்கள். இம்மானுவேல் லவுஸ்டர் போன்ற ஆக்ஸ்பர்க் பொறியாளர்கள், பழுதான ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து, காரணம் கண்டு, திருத்திப் பொருத்தி, ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அவர்கள் பெயரில் எந்த எண்ணெயும் இல்லை.

1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் இஞ்சினுக்கு உயரிய பரிசு கிடைத்தது. அங்கே ஓர் இஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. தாவர எண்ணெய்கள் எதிர்காலத்தில் முக்கியமாகலாம் என்று டீசலும் பின்னர் பேசினார். நம் நாட்டு எண்ணெய் நிலையங்களில் கிடைக்கும் டீசலில் 2019 முதல் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வந்த பயோடீசல் கலந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பயோடீசல் ஈரத்தைச் சற்று அதிகமாக இழுத்துக்கொள்ளும், தொட்டியில் படிந்த பழைய அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். இன்றைய இஞ்செக்டர்கள் 1,600 பாருக்கு மேலான அழுத்தத்திலும் வேலை செய்பவை. கார் டயரில் இருப்பது இரண்டரை பார்தான். அந்த அழுத்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் என்ன செய்யும் என்பதற்குத்தான் டிசம்பரில் பணம் கட்டினோம்.

டீசலின் கடைசி ஆண்டுகள் படிக்கக் கஷ்டமானவை. சிறு தொழில் செய்பவர்கள் பெரிய முதலாளிகளோடு போட்டியிட உதவும் சிறிய இஞ்சின் என்பதே அவருடைய தொடக்கக் கனவு. இஞ்சினோ மின்நிலையங்களுக்கும் கப்பல்களுக்கும் போனது. 1912இல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் நோக்கிப் புறப்பட்ட செலாண்டியா என்ற பெரிய கப்பல் டீசல் இஞ்சினில் ஓடியது. உலகம் அவரைக் கொண்டாடியது. வீட்டில் நிலைமை வேறு. நிலத்திலும் எண்ணெய் வயல்களிலும் போட்ட பணம் போய்விட்டது, வழக்குகள் கொஞ்சத்தைத் தின்றன. மியூனிக்கில் மாளிகை இருந்தது, கையில் காசு இல்லை.

1913 செப்டம்பர் 29 மாலை, இங்கிலாந்து போவதற்காக ஆண்ட்வெர்ப்பில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். உடன் வந்தவர்களோடு சாப்பிட்டுவிட்டு, காலை 6.15க்கு எழுப்பச் சொல்லி அறைக்குப் போனார். காலையில் அறை காலியாக இருந்தது. படுக்கை கலையவில்லை. சுமார் பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டு, பையிலிருந்த சில பொருள்களை மட்டும் எடுத்து வந்தார்கள். அவை அப்பாவுடையவை என்று மகன் ஆய்கன் அடையாளம் சொன்னார். டீசலுக்கு அப்போது 55 வயது. அந்த இரவு என்ன நடந்தது என்று இதுவரை யாரும் உறுதியாக நிறுவவில்லை. சதிக் கதைகள் நிறைய உலவுகின்றன. அவற்றைவிட அந்த மகனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

தன் இஞ்சின் சாலை லோரிகளில் பரவுவதை அவர் பார்க்கவில்லை. அவர் காலத்து இஞ்சினுக்கு எரிபொருளைத் தெளிக்கப் பெரிய காற்றழுத்தி தேவைப்பட்டது, சக்கரத்தில் ஏற்ற முடியாத கனம். 1920களில்தான் டீசல் லோரிகள் விற்பனைக்கு வந்தன. 1927இல் ரோபர்ட் போஷ் நிறுவனம் எரிபொருள் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியபின் வேகம் பிடித்தது.

என் நோட்டுக்குத் திரும்பினேன். ரீமேப்பையும் பெரிய இண்டர்கூலரையும் அடித்துவிட்டேன். முதலில் தண்ணீர் பிரிக்கும் கூடுதல் வடிகட்டி, தொட்டிக்கும் பழைய வடிகட்டிக்கும் நடுவே. அது பழையதைவிட நுண்ணியதாக இருந்தால் பம்ப் எண்ணெய் இழுக்கத் திணறும் என்பதால், சற்றுப் பெரிய துளையுள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்து டைமிங் பெல்ட். மாற்றியதற்கு ரசீது இல்லை, ஆகவே மாற்றவில்லை என்றே கணக்கு. அதைக் கழற்றும்போதே தண்ணீர்ப் பம்பும் தெர்மோஸ்டாட்டும் மாறும். மலை ஏறும்போது இஞ்சின் வெப்பத்தைப் படிக்க ஒரு சிறிய கருவி. ஒரு வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடிக் குறிப்பு எழுதிய பிறகே அடுத்த வேலை.

அப்பா நோட்டின் பின்பக்கத்தில் தேதியும், எண்ணெய் ஊற்றிய இடமும் எழுதி வருகிறார். சென்ற சனிக்கிழமை புதிய வடிகட்டியின் அடியிலிருந்த திருகைத் திறந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்தோம். மேலே மஞ்சளாக டீசல், அடியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர். அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கடைசியாக எண்ணெய் ஊற்றிய இடத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்.