ஜெபமும் செய்தார், யோசனையும் கேட்டார்!
வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியை அறியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. அதை உண்டாக்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

தோல் தொழிலுக்குப் பேர்போன ராணிப்பேட்டையில் 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை ஜான் ஸ்கடர், அமெரிக்க மிஷன் டாக்டர்.

அமெரிக்காவில் படித்த ஐடாவுக்கு டாக்டராகும் எண்ணமே இல்லை. தாயாருக்கு உடல்நலம் சரியில்லாததால் திண்டிவனம் வந்தார். சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவது என்பதே அவர் திட்டம்.

ஒரே இரவில் மூவர்

ஓர் இரவு பிராமணர் ஒருவர் கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடாவின் தந்தை உடனே புறப்படத் தயாராக இருந்தார். ஆனால் ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று வந்தவர் போய்விட்டார்.

பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அவருக்குப்பின் இன்னொரு இந்து வந்தார். அதே துன்பம், அதே மறுப்பு!

ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. இரவெல்லாம் ஜெபம் செய்தார். விடிந்ததும் செய்தி வந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்!

ஐடா பெற்றோரிடம் சென்று மனதைத் திறந்து பேசினார். டாக்டர் படிப்புக்காக அமெரிக்கா போனார்.

வேலூரில்

1899-ல் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூர் திரும்பினார். அருகிலிருந்து தொழில் சொல்லித்தர தந்தை இருக்கிறார் என்ற தைரியம் அவருக்கு இருந்தது. ஆனால் சில மாதங்களிலேயே தந்தை காலமானார்.

ஐடா கலங்கினார், ஆனால் ஓடவில்லை. சிறு அறையிலேயே வைத்தியம் செய்தார். 1902-ல் 40 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி எழுந்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளிலும் நோயாளிகளைப் பார்த்தார். 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

பெரிய சோதனை

1938-ல் சோதனை வந்தது. பழைய டிப்ளமா படிப்பு இனிச் செல்லாது, எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர வேண்டும் என்று சென்னை அரசாங்கம் முடிவு செய்தது. அதற்கோ ஏராளமான பணமும் ஆசிரியர்களும் வேண்டும்.

பல மிஷன்கள் கூடி, ஆண்களையும் சேர்த்துக் கல்லூரி நடத்தலாம் என்று பலர் யோசனை சொன்னார்கள். பெண்களுக்காகவே பணம் திரட்டித் தந்த பழைய நண்பர்கள் சிலர், கூடவே கூடாது என்றார்கள். சம்மதித்தால் நட்பு முறியும். மறுத்தால் பள்ளியே மூடப்படலாம்.

கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அம்மையார் சும்மா இருக்கவில்லை. இரு தரப்பின் பேச்சையும் கேட்டார். 1941-ல், எழுபது வயதில், பணம் திரட்ட அமெரிக்கா சென்றார். பள்ளி நிலைக்க வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்கவேண்டும் என்பதை முடிவில் ஏற்றார். மனவருத்தங்களையும் தாங்கிக்கொண்டார்.

1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது. 1947-ல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். கல்லூரி பிழைத்தது!

1960-ம் ஆண்டு மே மாதம் கோடைக்கானலில் அம்மையார் காலமானார். அப்போது வயது 89.

ஜெபம் அவருக்குத் துணிவைக் கொடுத்தது. அறிந்தவர்களின் யோசனை வழியைக் காட்டியது. கடவுளை நம்புகிறவர் பிறரிடம் யோசனை கேட்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது. அதற்கு வேலூரே சாட்சி.