வெப்பம் தாங்காத இழை

பாலியெஸ்டர் சட்டையின் மீது இஸ்திரிப் பெட்டியை அஞ்சாமல் ஓட்டுகிறோம். ஆனால் பாலியெஸ்டர் இழையை முதலில் கண்ட ஆய்வுக்கூடத்தில், அவ்விழை கொதிநீரின் சூட்டைக்கூடத் தாங்கவில்லை. அக்கூடத்தை வழிநடத்தியவர் வாலஸ் ஹியூம் கரோதர்ஸ்.

1896 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பர்லிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1924இல் முனைவர் பட்டம் பெற்று, ஹார்வர்டில் கற்பித்து வந்த அவரை டூபாண்ட் நிறுவனம் அழைத்தது. மனச்சோர்வு தம்மை அவ்வப்போது முடக்கிவிடும் என்று ஒளிக்காமல் சொல்லித் தயங்கினார். எனினும் 1928இல் வில்மிங்டன் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

பட்டும் ரப்பரும் உண்மையிலேயே நெடிய மூலக்கூறுகளா, அல்லது சிறியவை கூடிய திரளா என்று அறிஞர்கள் வாதிட்ட காலம் அது. கரோதர்ஸ் வாதிடவில்லை, கட்டிக் காட்ட முனைந்தார். இருமுனை அமிலத்தையும் இருமுனை ஆல்கஹாலையும் சேர்த்தால், ஒன்றன் ஈறு மற்றதன் முதலைப் பற்றிக்கொள்ளும். நம் கவிஞர்களுக்கு அந்தாதி என்றால் எளிதில் விளங்கும். ஆனால் ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அந்நீர் தங்கிவிட்டால் பிணைப்பை மீண்டும் அறுத்துவிடும். ஆகவே கடும் வெற்றிடத்தில் சூடாக்கி நீரை அகற்றும் கருவியைக் கையாண்டார்கள்.

1930 ஏப்ரலில் உடனுழைத்த ஜூலியன் ஹில், உருகிய பாலியெஸ்டரில் கோலை நுழைத்து இழுத்தார், இழை வந்தது. ஆறியபின் மேலும் இழுத்தபோது பட்டெனப் பளபளத்து வலிமையும் பெற்றது. சங்கிலிகள் இழுப்பின் திசையில் அணிவகுத்ததே காரணம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சோதித்துப் பார்த்தால் உருகுநிலை 100 பாகைக்கும் கீழே! வெளுப்பவரின் கொப்பரையில் அத்துணி என்னாகும்? நேர்ச்சங்கிலி அமிலங்களால் ஆன அம்மூலக்கூறுகள் மிக நெகிழ்வானவை; சிறு வெப்பமும் அவற்றைக் குலைத்துவிடும். கரோதர்ஸ் பாலியெஸ்டரைக் கைவிட்டுப் பாலிஅமைடுகளின் பக்கம் திரும்பினார். அங்கே சங்கிலிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. 1935 பிப்ரவரி 28 அன்று உருவான பாலிஅமைடு ஏறத்தாழ 260 பாகை வரை உருகாது நின்றது. அதுவே நைலான்.

உலகம் வெற்றியென்று கொண்டாடியதை அவர் தம் தோல்வியாகவே கணக்கிட்டார் என்பதுதான் என்னை வருத்துகிறது. 1936இல் ஹெலன் ஸ்வீட்மனை மணந்தார். அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. புதிய கருத்து எதுவும் இனித் தமக்குத் தோன்றாது என்ற அச்சம் மட்டும் அகலவில்லை. எழுதுகிறவர்கள் இவ்வச்சத்தை அறிவார்கள். 1937 ஜனவரியில் அன்புத் தங்கை இசபெல் இறந்தாள். ஏப்ரல் 29 அன்று, நாற்பத்தொன்று நிறைந்த இரண்டாம் நாள், பிலடெல்பியா விடுதியொன்றில் கரோதர்ஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மகள் ஜேன் அவ்வாண்டு நவம்பரில் பிறந்தாள். நைலானை உலகுக்கு அறிவித்தது 1938 அக்டோபரில்.

அவர் விட்ட இடத்திலிருந்து 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் தொடர்ந்தார்கள். நேர்ச்சங்கிலி அமிலத்தின் இடத்தில் டெரிப்தாலிக் அமிலத்தை வைத்தார்கள். அதன் நடுவிலுள்ள பென்சீன் வளையம் எளிதில் வளையாதது. சங்கிலி விறைத்து நின்றது. உருகுநிலை சுமார் 260 பாகைக்கு ஏறியது. டெரிலின் என்று நம் வீடுகளுக்குப் பின்னாளில் வந்த துணி அதுவே.