முதல் பெண் ஹவுஸ் சர்ஜன்

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் காலையில் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நள்ளிரவில் காய்ச்சல் ஏறினாலோ, அறுவை செய்த இடத்தில் இரத்தம் கசிந்தாலோ ஓடி வருபவர் அங்கேயே தங்கிப் பணி புரியும் ஹவுஸ் சர்ஜன்தான். (நர்சம்மாக்களை மறந்துவிட்டேன் என்று எண்ணாதீர்கள், அவரை எழுப்புவதே அவர்கள்தானே!) சென்னை அரசு மகப்பேறு, கண் மருத்துவமனையில் அப்பணியை ஏற்ற முதல் பெண்மணி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவர் 1886 ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் இடமளித்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சட்டசபைத் துணைத் தலைவர் பதவி, தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம் ஆகியவற்றை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று முதலில் எவருக்கும் புரியவில்லை. மருத்துவரான அக்காவே அருகிலிருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம் அவரை விடவேயில்லை. 1925-ல் லண்டன் சென்றபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையில் பயின்றார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், இங்கும் அத்தகைய மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று நினைத்தவர்களே அன்று அதிகம். அவர் மனம் தளரவில்லை. ஊரெல்லாம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. பன்னிரண்டே படுக்கைகள்!

புற்றுநோய்ச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று, வாரக்கணக்கில் நீளும். ஆகவே இரவும் பகலும் கைக்கெட்டும் தூரத்தில் மருத்துவர் வேண்டும். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கு உழைத்தார். மயிலாப்பூரில் பிறந்த டாக்டர் சாந்தா, தமக்குக் கிடைத்த அரசு வேலையை விட்டு 1955-ல் அந்த வளாகத்துக்கே குடிவந்தார்.

முத்துலட்சுமி 1968-ல் மறைந்தார். அவர் பிறந்த நாளைத் தமிழக அரசு 2019 முதல் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது. டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் காலமாகும்வரை அந்த வளாகத்திலேயே வசித்தார்.