மடத்தை விட்டு ஓடிய சிறுவன் தேநீர் முனிவர் ஆன கதை

ஜார்ஜ்டவுன் - பினாங்கு ஹொக்கியன் சீனர்கள் தேநீரைத் ‘தே’ என்கிறார்கள். நம் தேயிலையில் உள்ள ‘தே’யும் அதே வேர்தான். அந்தப் பானத்துக்கென்றே முதன்முதலில் முழு நூல் எழுதியவர் லூ யூ.

தாங் அரசர் காலத்தில், 733ஆம் ஆண்டு வாக்கில், இன்றைய ஹூபெய் மாநிலத்தின் தியான்மென் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் யாரென்று தெரியாது. பௌத்த மடத்தின் தலைமைத் துறவி ஜிஜி எடுத்து வளர்த்தார். குருவுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தே கைப்பக்குவம் பழகினார் என்பார்கள்.

துறவியாகச் சொன்னபோது பையன் மறுத்துவிட்டான். கன்பூசியஸ் நூல்களைப் படிக்கத்தான் அவனுக்கு ஆசை. தண்டனையாகக் கழிவறை கழுவினான், மாடு மேய்த்தான். தாள் இல்லாததால் மூங்கில் குச்சியால் மாட்டின் முதுகிலேயே எழுதிப் பழகினான். கடைசியில் ஓடிப்போய் நாடகக் குழுவில் சேர்ந்தான். திக்குவாய், முக அழகும் இல்லை. ஆனாலும் கோமாளி வேடத்தில் பெயர் வாங்கினான்.

755இல் மூண்ட உள்நாட்டுக் கலகம் லூ யூவைத் தெற்கே விரட்டியது. ஹூஜோவில் தங்கி, தேயிலை மலைகளில் சுற்றி, ‘சா ஜிங்’ எழுதினார். பத்து அத்தியாயங்கள்.

அன்று இலையை ஆவியில் வேகவைத்து, இடித்து, வில்லையாக உலர்த்துவார்கள். அதைப் பொடித்துக் கொதிக்க வைப்பார்கள். மலை ஊற்று நீர் சிறந்தது, ஆற்று நீர் அடுத்தது, கிணற்று நீர் கடைசி என்றார் லூ யூ. மீன் கண் அளவு குமிழி வந்ததும் சிறிது உப்பு. ஓரமெல்லாம் முத்துச் சரம் போல் எழும்பும்போது பொடி. அதற்கு மேல் கொதித்த நீர் குடிக்க ஆகாது. இஞ்சி, வெங்காயம், ஆரஞ்சுத் தோல் போட்டால் சாக்கடை நீருக்குச் சமம் என்றும் எழுதிவிட்டார். இஞ்சித் தேநீரிலும் தே தாரேக்கிலும் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கடுமையான தீர்ப்புதான்!

இலையை அப்படியே ஊறவைக்கும் வழக்கம் மிங் காலத்தில்தான் பரவியது. ஆனால் நீரின் சூட்டைக் கவனிக்கும் பழக்கம் போகவில்லை. இன்று லோங்ஜிங் பச்சைத் தேயிலைக்குச் சுமார் 80 டிகிரி போதும். கொதிநீரை ஊற்றினால் கசந்துவிடும்.

லூ யூ போன பிறகு, வேறு யார் போட்ட தேநீரும் ஜிஜிக்குப் பிடிக்கவில்லையாம். பேரரசர் சோதிக்க நினைத்து அவரை அரண்மனைக்கு அழைத்தார். முதல் கிண்ணத்தை ஒரு வாயோடு கீழே வைத்த குரு, அடுத்ததை முழுவதும் குடித்து, இது யூவின் கை என்று கண்டுகொண்டாராம். மறைவில் நின்று அதைப் போட்டவர் லூ யூவேதான். கதையாகச் சொல்லப்படுவதுதான், ஆனாலும் ஓடிப்போன பிள்ளையை நாக்கு மறக்கவில்லை என்பது மனத்தைத் தொடுகிறது.

804இல் லூ யூ காலமானார். தேயிலை வணிகர்கள் அவருக்கு மண்பொம்மை செய்து தெய்வமாக வைத்தார்கள். வியாபாரம் படுத்தால் அந்தப் பொம்மையின் மேலேயே தண்ணீரை ஊற்றினார்களாம்.